ஸ்டாப் வாட்சைத் தூக்கிப் போடுங்கள், மேடம்!

எதிர்வீட்டுக் குட்டிக்கு நாலு வயசு. தரையில் 20 சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகப் புரட்டி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா, கையில் செல்போன். போட்டோ எடுக்கிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஸ்டாப் வாட்ச்!

''நேத்து மூணு நிமிஷத்துல முடிச்சா சார். இன்னிக்கு நாலாயிடுச்சு. ஞாபக சக்தி குறையுதோ?''

என்னத்தைச் சொல்ல?

இதற்கு 'மெமரி கேம்' என்று பெயர் வைத்ததுதான் வினை. ஆடினால் மூளை கூர்மையாகும், கணக்கும் இங்கிலீஷும் தானாக வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டுகிறோம். வராதுங்க. மெல்பி-லெர்வாக், ஹ்யூம் என்ற இரு ஆய்வாளர்கள் நினைவுப் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். பயிற்சி செய்த விஷயத்தில் கொஞ்ச காலத்துக்கு முன்னேற்றம் இருந்தது. அது வாசிப்புக்கும் கணக்குக்கும் தாவியதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி நிறுவனம், விளம்பரத்தில் ஏமாற்றியதாக எழுந்த புகாரில் 20 லட்சம் டாலர் கட்டி சமரசமானது 2016-ல்.

அப்படியானால் சீட்டைக் குப்பையில் போடலாமா? கூடவே கூடாது! சீட்டில் என்ன இருக்கிறதோ, அதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு யானை இருந்தால், யானை எந்த மூலையில் கிடக்கிறது என்பதோடு சரி. ஒரு சீட்டில் அணில், இன்னொன்றில் 'அ' என்று வையுங்கள். ஒன்றில் 5, மற்றதில் ஐந்து புள்ளி. புரட்டும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பார்த்ததை மனசிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கிறாள் பாருங்கள், அதில்தான் எழுத்து பதிகிறது. இதற்குக் கடைக்குப் போகவேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா போதும். முதலில் நாலு ஜோடி, அப்புறம் ஆறு. குழந்தை கொட்டாவி விட்டால் மூட்டை கட்டிவிடுங்கள்.

கடிகாரம் வந்த நிமிஷமே விளையாட்டு பரீட்சையாகிவிடுகிறது. பரீட்சைக்கு இன்னும் எத்தனையோ வருஷம் பாக்கி இருக்கிறதே, என்ன அவசரம்?

நேற்று குட்டியோடு நானே உட்கார்ந்து ஆடினேன். அவளுக்கு ஏழு ஜோடி, எனக்கு மூன்று. விட்டுக்கொடுக்கவில்லை சாமி, நிஜமாகவே தோற்றேன். அவள் கைதட்டிச் சிரித்ததைக் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

''எத்தனை நிமிஷம் ஆச்சு சார்?''