பெட்டியைப் பூட்டாதே என்போருக்கு

விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெட்டியைப் பூட்டலாமா கூடாதா என்ற வினா இலக்கியம் பேசுகிறவர்களுக்கு எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நவீனக் கவிதைத் தொகுப்புகளை எந்தத் திருடனும் சீண்டுவதில்லை என்பதால் எங்களைப் போன்றோருக்கு இவ்விஷயத்தில் இழப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெட்டியில் கவிதைத் தொகுப்பை வைத்துக்கொண்டு போகிறவர்கள் மட்டும் இந்நாட்டில் பயணம் செய்வதில்லை.

கற்றறிந்த பயணிகளிடையே அண்மைக் காலமாக ஓர் அறிவுரை பெருவழக்காகிவிட்டது. பெட்டியைப் பூட்டாதீர்கள், பூட்டினால் சோதனை செய்கிறவர்கள் உடைப்பார்கள், உடைக்க நினைக்கும் திருடனுக்குப் பூட்டு ஒரு பொருட்டல்ல, பூட்டிய பெட்டியில்தான் விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்று அவன் கண்டுகொள்வான், மதிப்புள்ளவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். கேட்பதற்கு வெகு நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏற்றி அனுப்பும் பெட்டிகள் அனைத்தும் சோதிக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உரியவர் அருகில் இல்லாதபோதே பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அங்குள்ள டி.எஸ்.ஏ. என்னும் அமைப்புக்கு உண்டு. ஆகவே பூட்டாமல் விடுங்கள் என்று அவர்கள் தங்கள் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய நடைமுறைக்கு அது பொருத்தமாக இருந்தது. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, மதுரையிலும் கொச்சியிலும் விமானம் ஏறுகிறவனுக்கு உபதேசிப்பதைத்தான் எங்களால் ஏற்க இயலவில்லை. இந்திய விமான நிலையங்களில் எக்ஸ்ரே திரையில் ஐயம் எழுந்தால் பயணியை அழைத்து, அவர் கையாலேயே திறக்கச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். சாவி வைத்திருப்பவன் அங்கே நிற்கும்போது பூட்டு யாருக்கு இடைஞ்சல்?

கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிற ஒருவர் அட்டைப்பெட்டியில் என்ன கொண்டுவருகிறார்? கோடாலித் தைலம், பால்பவுடர் டின், பேரீச்சை, அத்தர், தங்கை பிள்ளைக்கு ஒரு பொம்மை, அப்பாவுக்கு டார்ச் லைட், கம்பளிப் போர்வை. தனித்தனியே பார்த்தால் எதுவும் விலையுயர்ந்ததன்று. ஆயினும் எந்தப் பொருள் யாருக்கு என்று மாதக்கணக்கில் மனத்துக்குள் பட்டியல் போட்டுச் சேர்த்தவை. மதிப்புள்ளதைக் கைப்பையில் வையுங்கள் என்கிறார்கள். சிக்கன வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. முப்பது கிலோவும் மதிப்புள்ளதாக இருக்கிறவன் எதை எடுத்துக் கைப்பையில் வைப்பான்?

இங்கே ஒரு முரணைச் சுட்டிக்காட்ட வேண்டும். 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடிநாயக்கனூரைத் தொட்டது. கம்பத்துக்கு இன்னும் ரயில் இல்லை. போடிக்கோ தேனிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். அந்த ரயிலில் உங்கள் பெட்டி உங்கள் இருக்கைக்கு அடியில், உங்கள் கால் படும் தூரத்தில் இருக்கிறது. அங்கே என்ன சொல்கிறார்கள்? சங்கிலி போட்டுப் பூட்டுங்கள் என்கிறார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு, பயணி தன் பொறுப்பில் எடுத்துச் செல்லும் சுமை காணாமற்போனால், ரயில்வே ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நிரூபிக்கப்பட்டால் அன்றி நிர்வாகம் பொறுப்பாகாது என்கிறது. போடிக்கு ரயில் வந்த அதே 2023 ஜூனில், இடுப்புப் பட்டையில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த வணிகர் ஒருவரின் வழக்கில், தன் உடைமையைத் தானே காக்க இயலாதவர் அதைச் சேவைக் குறைபாடு என்று ரயில்வேயின் மீது சுமத்த முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கண்ணெதிரே இருக்கும் பெட்டியைப் பூட்டாவிட்டால் நீ கவனமற்றவன். கண்ணுக்கு எட்டாமல், பல மணி நேரம், இரண்டு மூன்று விமான நிலையங்களில், முகமறியாத பலர் கைகளில் புரளும் பெட்டியைப் பூட்டினாலோ நீ நாகரிகம் அறியாதவன்! இந்த இரண்டு அறிவுரைகளிலும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: எது நடந்தாலும் பொறுப்பு பயணியுடையது.

பூட்டு திருடனைத் தடுக்காது என்கிற வாதத்துக்கு வருவோம். தடுக்காது என்றே வைத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் துபாயிலிருந்து கோழிக்கோட்டில் வந்திறங்கிய பயணிகள் பலர் தங்கள் பெட்டிகளின் பூட்டுகள் உடைக்கப்பட்டு, பொருள்கள் களவு போயிருந்ததாக முறையிட்டார்கள். பார்த்தீர்களா, பூட்டு என்ன செய்தது என்று கேட்பார்கள். உடைந்தது. அதுதான் அதன் வேலை. உடைந்த பூட்டைப் பார்த்ததால்தான் அவர்கள் விமான நிலையத்திலேயே குரல் எழுப்பினார்கள். அதனால்தான் அது செய்தியாயிற்று.

இதை எங்கள் பகுதி ஏலக்காய் வியாபாரிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி ஏலத்துக்குப் போகிற மூட்டைக்கு எவரும் பூட்டுப் போடுவதில்லை. எடை போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைத்து, குறி எழுதி அனுப்புகிறார்கள். ஒரு பிளேடு போதும், அந்தத் தையலை அறுக்க. ஆனால் அறுத்த தையலை அறுக்காத தையலாகக் காட்டுவது எளிதன்று. வழியில் எவனோ கைவைத்தான் என்பதற்கு அந்தத் தையலே சாட்சி, எடைச் சீட்டு இன்னொரு சாட்சி. விமானப் பயணியின் பூட்டையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பன்னாட்டு விமானப் பயணத்தை ஆள்வது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியாவுக்கு அது 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவின்படி, ஏற்றி அனுப்பிய பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது நேரும் இழப்புக்கு நிறுவனமே பொறுப்பு. அடுத்தாற்போல் 31ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. முறையீடு ஏதுமின்றிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்றாகிவிடும். சேதம் என்றால் 7 நாட்களுக்குள், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பூட்டில்லாத பெட்டியை எடுத்துக்கொண்டு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி எல்லாம் கடந்து, கம்பத்தில் கூடத்தில் வைத்துத் திறக்கும்போது அத்தர் புட்டி இல்லையென்றால், அது துபாயில் போயிற்றா, மதுரையில் போயிற்றா, வந்த காரில் போயிற்றா? ஏழு நாள் அவகாசம் காகிதத்தில் இருக்கலாம்; எதைக் காட்டி முறையிடுவது?

எல்லாப் பூட்டும் பூட்டன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜிப் வைத்த துணிப் பெட்டியில் இரண்டு இழுப்பான்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு பந்துமுனைப் பேனாவை ஜிப்பின் நடுவில் குத்தினால் பற்கள் விலகிவிடும்; வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டிய இழுப்பான்களை அப்படியே ஒருமுறை இழுத்தால் மூடிக்கொள்ளும். தடயமே இராது. இழுப்பான்கள் நகராதபடி பெட்டியின் உடலிலுள்ள வளையத்தோடு சேர்த்துப் பூட்டினால்தான் சாட்சி சாட்சியாக நிற்கும். ஜிப்பே இல்லாத கெட்டிப் பெட்டி இன்னும் மேல்.

கடைகளில் சிவப்பு வைரக்குறி போட்ட பூட்டுகளை இதைவிட உயர்ந்தது இல்லை என்று விற்கிறார்கள். அமெரிக்கச் சோதனையாளர்கள் உடைக்காமல் திறப்பதற்காக, பொதுச்சாவியோடு வடிவமைக்கப்பட்டவை அவை. அந்தப் பொதுச்சாவிகளின் படம் 2014இல் வாஷிங்டன் போஸ்ட் இதழில் வெளியாகி, மறு ஆண்டு முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொள்ளும் கோப்புகளாக இணையத்தில் உலவத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் போகிறவர் வாங்கட்டும். வேறு பூட்டைப் போட்டால் அங்கே வெட்டப்படலாம் என்பது உண்மை. ஷார்ஜாவுக்குப் போகிறவர் எதற்காக ஊரார் எல்லாரிடமும் சாவி இருக்கிற பூட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கம்பத்திலிருந்து பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் போனால் திண்டுக்கல். கையால் செய்த மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டைப் பெட்டியில் தொங்கவிட்டால் அனுமதித்த எடையில் கணிசமான பங்கைப் பூட்டே தின்றுவிடும், ஜிப் துளையில் நுழையவும் நுழையாது. அதைச் சிபாரிசு செய்ய வரவில்லை. இன்னொருவன் சாவிக்குத் திறவாதிருப்பதே பூட்டின் பெருமை என்று வாழ்ந்த கைவினைஞர்களின் அண்டையில் இருந்துகொண்டு இப்படி ஏமாறுகிறோமே என்ற வருத்தத்தில் சொல்கிறோம்.

சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் மீது அவநம்பிக்கையைக் காட்டுகிறது பூட்டு என்று எங்களில் ஒரு நண்பரே வாதிட்டார். குறைந்த கூலிக்கு ஒப்பந்த முறையில் முதுகு ஒடிய உழைக்கிறவர்களை ஐயுறுவது அநீதி என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பூட்டில்லாத பெட்டியில் ஒரு பொருள் காணாமற்போனால் ஐயம் வரிசையிலுள்ள ஒவ்வொரு தொழிலாளி மீதும் விழுகிறது. பூட்டு உடையாமல் மதுரை வந்து சேர்ந்த பெட்டி, அதைத் தொட்ட அத்தனை பேரையும் குற்றமற்றவர்கள் ஆக்குகிறது.

களவை விடக் கொடியது, இல்லாதது உள்ளே வந்துவிடுவது. 2004 அக்டோபரில் பாலித் தீவில் இறங்கிய ஆஸ்திரேலியப் பெண்ணொருவரின் பூட்டாத பையில் நான்கு கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தது. வழியில் யாரோ வைத்துவிட்டார்கள் என்ற அவரது வாதம் எடுபடவில்லை. 2005இல் 20 ஆண்டுத் தண்டனை. அவர் சொன்னது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? பூட்டாத பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு வாதத்தை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதே எங்களுக்கு வேண்டிய செய்தி. மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் பிராங்க்ஃபர்ட்டில் இரண்டு பிரேசில் பெண்கள் போதைப்பொருள் வழக்கில் சிறைப்பட்டார்கள். சாவோ பாவுலோ விமான நிலையத்தில் அவர்களுடைய பெட்டிகளின் பெயர்ச்சீட்டைக் கழற்றி வேறு பெட்டிகளில் ஒட்டியிருந்தார்கள். எந்தப் பூட்டும் அதைத் தடுத்திராது. ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தவர்களை மீட்டது கண்காணிப்புக் காமிராப் பதிவு. ஆகவே பூட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், சீட்டு ஒட்டிய பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சீட்டில் அச்சிட்ட எடையும் படத்தில் தெரியட்டும்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் இதற்கெல்லாம் தாங்களாகவே ஒரு வழி கண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் வலையாகப் பின்னி, நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதினார்கள். மேட்டிமைக்காரர்கள் கேலி செய்த அந்தக் கயிற்று முடிச்சு, எந்தப் பூட்டை விடவும் நேர்மையான முத்திரை. அவிழ்த்தவன் அதே முடிச்சைப் போட முடியாது. துபாய் விமான நிலையம் 2017இல் தட்டையான பக்கம் இல்லாத சுமைகளை மறுக்கத் தொடங்கியது. ஜித்தாவில் கயிறு கட்டியவையும் துணி சுற்றியவையும் கூடாது என்றார்கள். சுமைப்பட்டையில் கயிறு சிக்கினால் இயந்திரம் நின்றுவிடும் என்பது நியாயமான காரணம்தான். சரி, கயிறு வேண்டாம். கயிற்றையும் எடுத்துவிட்டு, பூட்டும் போடாதே என்றால்?

இழப்பு நேர்ந்தபின் கிடைப்பது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; நம் பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்குச் சற்று மேல். அது உச்சவரம்புதான், எடுத்துக் கொடுக்கிற தொகை அன்று. காணாமற்போனதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்திலோ 20,000 ரூபாய். ரசீதுகளை வைத்திருப்பவர்கள் குறைவு. எனவே ஊருக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: பெட்டியைப் பூட்டுங்கள். மதுரையிலோ கொச்சியிலோ பட்டையிலிருந்து எடுத்ததும் பூட்டைப் பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே கார் காத்திருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள்; அங்கேயே விமான நிறுவனத்தின் மேசையில் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.