ஐடிஐ மாணவருக்கு ஓர் அவசர நிதி

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பொருள்: அரசு தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு அவசரகால நிதியுதவி.

அரசு ஐடிஐ மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவி இரு வகைப்படும். பாடநூல், சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் ஆகியவை பொருளாக வருபவை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை பணமாக வருவது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் அல்லது 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயும் சேரும். அன்றாடச் செலவுக்கு இது கைகொடுக்கிறது. திடீரென வரும் செலவுக்கு இந்த ஏற்பாட்டில் வழியில்லை.

கட்டட வேலைக்குப் போகும் தந்தை சாரத்திலிருந்து விழுந்தால், அன்றோடு வீட்டின் வரும்படி நின்றுவிடும். மகன் பட்டறையை விட்டுக் கேட்டரிங் வேலைக்கோ சுமை தூக்கவோ போகிறான். அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். சில வாரக் கூலி வேலை ஓர் ஆண்டுப் படிப்பையே கொண்டுபோய்விடும்.

கலைக் கல்லூரி மாணவர் விட்ட பாடத்தை நண்பரின் நோட்டைப் பார்த்து ஈடுகட்டலாம். பிட்டர் பிரிவில் அது நடக்காது. இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, மறுபடியும் ராவ வேண்டும். கை பழகுவது பட்டறையில்தான். வைஸும் லேத்தும் வீட்டில் இல்லை.

பேரிடர் நிவாரணம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஒரு வீட்டில் மட்டும் நேரும் விபத்துக்கு அப்படியொரு நிவாரணம் கிடையாது. நலவாரிய உதவி உண்டு. ஆனால் அதற்குப் பதிவு வேண்டும், சான்றிதழ்கள் வேண்டும். அவை கைக்கு வருவதற்குள் மாணவரின் பெயர் பதிவேட்டிலிருந்தே நீங்கியிருக்கும்.

இங்கிலாந்தில் 16 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கான உதவி நிதி 2011இல் வந்தது. வரையறுக்கப்பட்ட சில பிரிவினருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை கிடைக்கும். மற்றவர்களில் யாருக்கு, எவ்வளவு என்பதைக் கல்வி நிறுவனமே தீர்மானிக்கிறது. மாணவரின் நிலைமையை நேரில் அறிந்தவர்களிடமே முடிவு விடப்பட்டிருப்பது இங்கு கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக்கான ஏற்பாட்டில் ஐந்து கூறுகள் தேவை.

ஒன்று, ஒவ்வொரு அரசு ஐடிஐ முதல்வரின் பொறுப்பிலும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை இருக்க வேண்டும்.

இரண்டு, முதல்வர், பயிற்சி அலுவலர், அந்தப் பிரிவின் பயிற்றுநர் ஆகிய மூவரும் மூன்று வேலை நாளில் முடிவெடுக்க வேண்டும். உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருப்பதால் பணம் அனுப்பத் தாமதம் ஆகாது.

மூன்று, மருத்துவமனைச் சீட்டோ கிராம நிர்வாக அலுவலரின் சான்றோ முதலில் போதும். மற்ற ஆவணங்கள் பிறகு வரலாம்.

நான்கு, இது கடனாக அல்லாமல் கொடையாக இருக்க வேண்டும். பெற்றவர் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வரக்கூடாது.

ஐந்து, நெருக்கடி நாள்களில் விட்ட பட்டறைப் பயிற்சியை மாலையிலும் விடுமுறையிலும் ஈடுசெய்ய வாய்ப்பு வேண்டும். பணம் மட்டும் வந்து வருகை குறைந்தே நின்றால் தேர்வு எழுத முடியாது.

துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கான அறிவிப்பு இடம்பெற்றால், வரும் பயிற்சி ஆண்டிலேயே திட்டம் நடைமுறைக்கு வரும்.