கழிவு முத்திரை

சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு மரணம் நேர்ந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி, வயது 42. குடி இல்லை, புகை இல்லை, தொந்தியும் இல்லை. விடியற்காலை வேலைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவருடைய தகப்பனாரும் ஏறக்குறைய இதே வயதில் இதே விதமாகப் போனவர்தாம். "குடும்பத்துக்கு ஏதோ சாபம்" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

அவர் மகன் என் வகுப்பில் படிக்கிறான். காரியங்கள் முடிந்து பள்ளிக்கு வந்தவன், மற்றப் பிள்ளைகள் கலைந்த பிறகு என் மேஜையருகே வந்து நின்றான். "சாரே, தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்தது எனக்கும் வருமோ?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்லலாகாது. ஞாயிற்றுக்கிழமை அவனை மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாறையில் தீர்த்தங்கரர்கள் அமைதியாக வீற்றிருக்கும் அந்த இடத்துக்குத் திருச்சாரணத்துப் பள்ளி என்பது பழம்பெயர். ஓரிடத்தில் தங்காமல் திரிந்த சமண முனிவர்களே சாரணர்கள். நம் உடம்பிலும் அப்படிச் சில சாரணர்கள் உண்டு என்று தொடங்கி அவனுக்குச் சொன்னதையே, வாசகர்களுக்கும் பயன்படும் என்று, இங்கே எழுதுகிறேன்.

கல்லீரலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் பலவகைப் புரதங்கள் பதிந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று எல்.டி.எல். ஏற்பி. ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் துகள்களைப் பிடித்து உள்ளே கொண்டுபோவது அதன் தொழில். உள்ளே எண்டோசோம் என்னும் சிறு பையில் சரக்கை இறக்குகிறது. சரக்கு, லைசோசோம் என்னும் செரிமான அறைக்குப் போகிறது. ஏற்பியோ மறுபடி சவ்வுக்கு வந்துவிடுகிறது. சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு நடை. 20 மணி நேர ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைகள்! இதைக் கண்டறிந்த அமெரிக்க டாக்டர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்டோசோமுக்குள் பல புரதங்கள் கலந்து கிடக்கின்றன. எது பிழைத்துத் திரும்புவது, எது மடிவது என்று தீர்மானிப்பது யார்? பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகம் தானாகவே அலமாரிக்குப் போகும். அதற்கு உத்தரவு வேண்டியதில்லை. கிழிந்த புத்தகத்தைக் கழிக்கத்தான் முத்திரை வேண்டும்.

உயிரணுவின் நியாயமும் இதுவே. இதை நிலைநாட்டியவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. பின்னாளில் பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் இயக்குநராக விளங்கிய சத்யஜித் மேயர், 1993-இல் மாக்ஸ்ஃபீல்டு முதலியோருடன் வெளியிட்ட ஆராய்ச்சி அது. யாதோர் அடையாளமும் இல்லாத வெறும் கொழுப்பு மூலக்கூறும், இரும்பைச் சுமக்கும் ஏற்பியும் ஒரே வேகத்தில் சவ்வுக்குத் திரும்பியதை அவர்கள் ஒளிரும் சாயமிட்டுக் கண்டார்கள். ஆகவே திரும்புவதற்குச் சீட்டு வேண்டாம். மடிவதற்குத்தான் சீட்டு வேண்டும்.

அந்தச் சீட்டு பெரும்பாலும் யுபிக்விட்டின் என்னும் சின்னஞ்சிறு புரதம். 76 கண்ணிகள் கொண்ட சங்கிலி. இது புரதங்களின் அழிவுக்கு முத்திரையாவதைக் கண்ட மூவருக்கு 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் சவ்வுப் புரதத்தின் விஷயத்தில் முத்திரை மட்டும் போதாது. அதன் ஒரு முனை பைக்குள்ளும் மறு முனை பைக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும். பை அப்படியே லைசோசோமுடன் கலந்தால், புரதம் அந்த அறையின் சுவரில் பதிந்துகொள்ளுமே தவிர முழுதும் செரிக்காது. எனவே பையின் சுவரே உட்புறமாகக் குழிந்து, முத்திரை பெற்ற புரதத்தை ஏந்தி, சிறு குமிழியாகக் கிள்ளுண்டு உள்ளே விழுகிறது. குமிழியோடு புரதமும் செரிக்கப்படுகிறது. குமிழி மூடுவதற்குள் முத்திரையை மட்டும் கழற்றி, மறுமுறை பயன்படுத்த வைத்துக்கொள்ளும் சிக்கனத்தை என்னென்பது!

எஸ்கார்ட் எனப்படும் இந்தக் கிள்ளும் இயந்திரத்தை ஸ்காட் எமர் என்பவரின் குழுவினர் 2001-ஐ ஒட்டி விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த பிராணி யானையுமல்ல, குரங்குமல்ல, ஈஸ்ட். கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்கவைத்த நம் பாட்டிமார்கள் பெயர் தெரியாமலே பழகிய அதே ஈஸ்ட்தான்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். சில குடும்பங்களில் எல்.டி.எல். ஏற்பியே பழுதாகப் பிறக்கிறது. வேறு சில குடும்பங்களில் ஏற்பி நன்றாயிருந்தும் திரும்பி வருவதில்லை. காரணம் பிசிஎஸ்கே9 என்னும் மற்றொரு புரதம். இது யுபிக்விட்டின் வழியில் செல்வதில்லை. வெளிப்புறத்திலிருந்தே ஏற்பியைப் பற்றிக்கொண்டு, திரும்பவிடாமல் லைசோசோமுக்கு இழுத்துப் போகிறது. இது அளவு மீறி வேலை செய்யும் குடும்பங்களை 2003-இல் பிரான்சில் கண்டார்கள். பிறவியிலேயே இது குறைந்தவர்களுக்கு மாரடைப்பு வெகு அபூர்வம் என்பதை 2006-இல் அமெரிக்காவில் கண்டார்கள். இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-இல் வெளிவந்தன.

எந்தப் பழுதானாலும் விளைவு ஒன்றே: பிடிப்பாரின்றிக் கொலஸ்டிரால் இளமையிலேயே இருதயக் குழாய்களில் படிகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு. வராமலிருப்பதற்கும் பாதி வாய்ப்பு. உடல் மெலிந்திருப்பதால் மட்டும் தப்பிவிட்டோம் என்று எண்ணலாகாது. குதிகால் தசைநாணில் தடிப்பு, இள வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் ஆகியவை சிலரிடம் காணும் அடையாளங்கள். பலரிடம் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

மலையிலிருந்து இறங்கி நேரே அவன் தாயாரிடம் போனோம். "பயந்து என்ன ஆகப்போகிறது சாரே, பார்த்துவிடுவோம்" என்றார் அந்த அம்மாள். மறுவாரமே பிள்ளைகள் இருவருக்கும் பரிசோதனை நடந்தது. தங்கைக்கு ஒன்றுமில்லை, பையனுக்குக் கொலஸ்டிரால் மிக அதிகம். டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கியிருக்கிறார். அது கல்லீரலை மேலும் பல ஏற்பிகளை உண்டாக்கத் தூண்டும். விலையும் ஏழைக்கு எட்டாததன்று.

வீட்டில் எவரேனும் 55 வயதுக்குள் மாரடைப்பால் இறந்திருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை கொலஸ்டிராலைப் பார்த்துவிடுவது நல்லது. தாத்தாவின் காலத்தில் பார்க்க வழியில்லை. தகப்பனாரின் காலத்தில் வழியிருந்தும் யாரும் சொல்லவில்லை. மகனுக்குச் சொல்லியாயிற்று.