தூசிக்கு வழி சொல்லாமல் ரம்பம் வாங்கச் சொல்லாதீர்கள்

வீட்டில் சின்னதாக மரவேலைப் பட்டறை போட நினைப்பவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரை ஒன்று சென்ற இதழில் வந்தது. இயந்திரங்களைப் பற்றி அதில் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. தூசி பற்றி எழுதிய பத்திதான் ஆபத்தானது. மரம் இயற்கைப் பொருள், அதன் தூள் கெடுதல் செய்யாது; அந்தக் காலத்து ஆசாரிகள் எந்தக் கருவியும் இல்லாமல் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்; ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டு, கைக்குட்டை கட்டிக்கொண்டு, கடைசியில் பெருக்கினால் போதும் என்கிறார் கட்டுரையாளர். இவற்றில் ஒன்றுகூட நிற்காது. படிக்கிறவர்களின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் தாட்சண்யம் பார்க்காமல் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியை 1995இல் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில் நாற்காலி, மேசை செய்யும் தொழிலாளர்களிடம் மூக்கின் உள்ளறைகளில் வரும் அரிய வகைப் புற்றுநோய் அடிக்கடி தென்படுவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற மருத்துவர் கவனித்தார். 1968இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. அந்தத் தொழிலாளர்கள் அறுத்ததும் இழைத்ததும் இதே இயற்கையான மரத்தைத்தான். நம் ஊர்த் தேக்கின் தூளும் ஈட்டியின் தூளும் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். இன்று வீட்டுப் பட்டறைகளில் நிறைய வேலை எம்.டி.எஃப் பலகையில் நடக்கிறது. அதன் தூளில் மரத்தோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் சேர்ந்தே வருகிறது.

அடுத்தது ஆசாரிகள். அவர்கள் இழைப்புளி தள்ளியபோது வந்தது சுருள் சுருளான சீவல். அது காலடியில் விழுந்து கிடந்தது. வேலை நடந்த இடம் திண்ணை, கொட்டகை, மரத்தடி. நாம் நான்கு சுவர்களுக்குள் நின்று, நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழலும் சாண்டரில் உப்புத்தாளை மாட்டி மரத்தை மாவாக்குகிறோம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு. அந்தத் தச்சர்களில் எத்தனை பேர் தீராத இருமலோடு போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவும் இல்லை. கணக்கில் ஏறாத துன்பத்தை ஆரோக்கியத்துக்குச் சான்றாகக் காட்டுவது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஜன்னலும் துடைப்பமும்தான் கட்டுரையின் பெரிய பிழை. கண்ணுக்குத் தெரியும் தூள் தும்ம வைக்கும், தரையில் விழும், பெருக்கி எடுத்துவிடலாம். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 10 மைக்ரானுக்கும் குறைவான துகள். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய அரை நாள் ஆகும். சீலிங் ஃபேன் அதைக் கீழே இறங்கவே விடாது; துடைப்பம் விழுந்ததையும் மறுபடி எழுப்பும். சந்தேகம் இருப்பவர்கள் இன்றிரவே பார்க்கலாம்: ஒரு பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு விளக்கை அணைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடியுங்கள். சுத்தமானது என்று நினைத்த காற்றில் தூசி மிதப்பது தெரியும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்கு இவ்வளவு கவலை எதற்கு என்றும் கேட்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் வன்மரத் தூசிக்கு வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். நீளம், அகலம், உயரம் பத்துப் பத்து அடியுள்ள அறையில் அது மொத்தம் 57 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஒரு மேசைப் பலகையைத் தேய்த்தால் எத்தனை சிட்டிகை பறக்கும் என்று அவரே யோசிக்கட்டும். தொழிற்சாலைக்காவது அளந்து பார்க்கும் கடமை உண்டு. வீட்டில் அளப்பவர் இல்லை. கதவிடுக்கு வழியாக அந்தத் தூசி பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் போகிறது.

தூசி பிடிக்கும் கருவிகளின் செலவைப் பற்றிய பயமும் மிகை. சாண்டருக்கும் ரௌட்டருக்கும் ஹெப்பா வடிகட்டி போட்ட வாக்குவம் கிளீனரும், அதன் முன்னால் தூளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோன் வாளியும் போதும். உப்புத்தாளின் ஓட்டையும் சாண்டர் தட்டின் ஓட்டையும் நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பொருந்தாவிட்டால் வாக்குவம் வெறுமனே இரைச்சல்தான் போடும். டேபிள் சா, பிளேனர் இரண்டுக்கும் காற்றின் அளவு முக்கியம். இரண்டரை அங்குலக் குழாயைவிட நான்கு அங்குலக் குழாயின் வாய் இரண்டரை மடங்கு பெரியது. குழாய் குட்டையாகவும் உட்புறம் வழவழப்பாகவும் இருக்கட்டும். வளைநெளிவான ஹோஸ் இழுவையைத் தின்றுவிடும். 30 மைக்ரான் துணிப்பை மாட்டிய தூசி உறிஞ்சும் கலெக்டரை அறைக்குள் வைக்கவே கூடாது. அது பெரிய சீவலைப் பிடித்துக்கொண்டு, நுண்தூசியை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அறையின் சூடு வெளியே போகும் என்ற கவலை உண்டு. நமக்கு அது இல்லை. அண்டை வீட்டு ஜன்னல் இல்லாத பக்கமாக, வெளியே ஒரு தகரக் கூரையின் கீழ் கலெக்டரை வைக்கலாம். என்95 கவசம் இதற்கெல்லாம் மேல் ஒரு காவல். முகத்தில் இடைவெளி விடும் கைக்குட்டை எதற்கும் காவல் ஆகாது.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். காற்றில் கலந்தபின் செய்வதெல்லாம் பாதி வேலை. முதல் ரம்பத்துக்குப் பட்ஜெட் போட்டுக் கொடுத்தவர், அதே பட்டியலில் தூசி உறிஞ்சியையும் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பத்தியை அவர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும். அதை நம்பி வேலையைத் தொடங்கியவர்கள், உறிஞ்சும் கருவி வரும்வரை சாண்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.