ஓராண்டு ஓவியன்!

தோழனே!

சுவாமிமலைக்கு நீ சென்றதுண்டா? கோயிலுக்குச் சென்று திரும்புவோர் ஆயிரம் பேர். கடைத்தெருவைத் தாண்டி, சிலை வார்க்கும் பட்டறையின் வாயிலில் நின்று, உள்ளே நடப்பதை உற்றுப் பார்ப்போர் ஒரு சிலர். அந்த ஒரு சிலரில் நீயும் ஒருவனெனில், நான் சொல்ல வந்தது உனக்கு எளிதில் விளங்கிவிடும். இல்லையெனில் கவலை வேண்டாம். உன்னை அங்கே அழைத்துச் செல்கிறேன். அதற்கு முன் டில்லி வரை போய் வர வேண்டியிருக்கிறது. எதற்கும் டில்லிக்குப் போய்த்தானே தீர வேண்டியிருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளை படம் வரையக் கற்பதற்கும்கூட!

2020-ஆம் ஆண்டில் தேசியக் கல்விக் கொள்கை என்றொன்றை ஒன்றிய அரசு அறிவித்தது. அதன் வழிநின்று, 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகளுக்கென ஒரு சட்டகம் வெளியிட்டது. நாலடுக்கு மாளிகை, அடுக்குக்கொரு வெளிவாசல்! ஓராண்டு படித்து வெளியேறினால் சான்றிதழ். ஈராண்டெனில் பட்டயம். மூவாண்டெனில் பட்டம். நான்காண்டும் நின்றால் சிறப்புப் பட்டம். படிப்பை எடைபோடக் 'கிரெடிட்' என்ற புள்ளிக் கணக்கு: முதலாண்டுக்கு 40, நான்காண்டுக்கு 160. இடையில் வெளியேறியவன் மூன்றாண்டுக்குள் திரும்பி வரலாம், ஏழாண்டுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகா, என்ன தாராளம்!

இந்த அச்சிலே நுண்கலைப் பட்டப்படிப்பையும் வார்த்தெடுத்தால் என்ன ஆகும் என்பதே இன்று நான் உன் முன் வைக்கும் கேள்வி.

"பாடத்திட்டமா? அது பேராசிரியர்கள் அறைக்குள் அமர்ந்து போடும் கணக்கு. கொடி பிடிக்கும் எனக்கு அதில் என்ன வேலை?" என்று நீ கேட்கக்கூடும். கேள். கேட்டுவிட்டு, உன் ஊர்ச் சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பார். அந்தச் சுவரிலே தலைவரின் முகத்தை எழுதியவன் யார்? மாநாட்டுப் பந்தலின் முகப்பிலே கோட்டையும் கொத்தளமும் எழுப்பியவன் யார்? நாடகம் எழுதுகிறவன் நான். என் வசனம் மேடையேறுமுன், அவன் தீட்டிய அரண்மனை ஏறி நிற்கும். கைதட்டல் எனக்கு, கூலிப் பாக்கி அவனுக்கு! அவன் எந்தக் கல்லூரியில் கற்றான்? சாரத்தின்மேல் நின்று, மூத்தவனின் தூரிகையைக் கழுவிக் கழுவிக் கற்றான். அவன் பிள்ளைக்காவது கல்லூரியின் கதவு திறக்க வேண்டாமா? திறந்த கதவு ஓராண்டிலேயே வெளியே தள்ளும் கதவாக இருக்கலாமா?

கலைப் படிப்பு என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு எழும்பூரின் வரலாற்றைச் சொல். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையிலே ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அது. அடுத்த ஆண்டே தொழிற்கலைக்கும் ஒரு பிரிவு அங்கே எழுந்தது. ஓவியத் தூரிகையும் பட்டறைச் சுத்தியலும் ஒரே வளாகத்தில் ஒலித்தன. உன் தாய் சோறு வடித்தாளே, அலுமினியப் பாத்திரம், அந்தத் தொழில் இந்நாட்டில் கால்கொண்டது எங்கே தெரியுமா? 1898-இல், ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால், அதே கலைப் பள்ளியின் பட்டறையில்! தட்டச்சு எழுத்தனையும் குமாஸ்தாவையும் வெளியே அனுப்பிய கல்விக்கூடங்கள் ஏராளம். சோற்றுப் பானையை வெளியே அனுப்பிய கல்விக்கூடம் இது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்தப் பள்ளியின் தலைமை நாற்காலியில் ஓர் இந்தியர் அமர 79 ஆண்டுகள் ஆயின. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தார். கடற்கரையிலே பாறையைப் பெயர்க்கும் நால்வர் நிற்கிறார்களே, உழைப்பாளர் சிலை, அது அவர் கைவண்ணம், 1959-இல் நிறுவப்பட்டது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் 1966-இல் ஓவியர்கள் ஒன்றுகூடிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்கள். நிலம் வாங்கப் பணம்? வள்ளல் எவரும் அள்ளி வழங்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். விற்ற காசில் மண் வாங்கினார்கள். அந்த மண்ணில் நின்று ஓவியம் படைத்தார்கள்.

கோவில்பட்டி கொண்டையராஜுவையும் மறந்துவிடாதே. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரை தீட்டி, குழு கலைந்ததும் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவர் மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகி வீடுதோறும் தொங்கின. அந்தப் படங்களில் வீற்றிருந்த தெய்வங்களோடு நமக்கு வழக்குண்டு. தீட்டிய விரல்களோடு வழக்கில்லை. கலை வரலாற்று வகுப்பில் அந்த விரல்களுக்கு எத்தனை நாழிகை ஒதுக்குகிறார்கள் என்று, உனக்குத் தெரிந்த மாணவனைக் கேட்டுப் பார்.

இனி, சுவாமிமலை.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சி, அந்த மெழுகிலே உருவம் சமைக்கிறான் சிற்பி. விரல் நகம் வரை, இடையணியின் முத்து வரை, எல்லாம் முதலில் மெழுகில்! மேலே காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லப் பூசுகிறான். காய்ந்ததும் கனத்த பூச்சு; அதன்மேல் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி நெருப்பிலே வாட்டுகிறான். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. மண்ணுக்குள்ளே மிஞ்சுவது வெற்றிடம், உருவத்தின் அளவேயான வெற்றிடம். அதற்குள்தான் உலோகக் குழம்பை ஊற்றுகிறான். ஆறியபின் மண்ணை உடைக்கிறான். அரமும் உளியும் கொண்டு நாட்கணக்கில் நகாசு வேலை செய்கிறான். கடைசியில் கண் திறக்கிறான்.

மெழுகு உருகி ஓடிய அந்த வேளையிலே ஒருவன் வந்து, "போதும், இதுவரை செய்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்றால்? அவன் கையில் என்ன இருக்கும்? வெறும் மண்! உள்ளே வெற்றிடம்!

நுண்கலைப் பட்டத்தின் முதலாண்டு அத்தகையது. கோடு போடவும், நிழலும் ஒளியும் பிரித்தறியவும், களிமண்ணைப் பிசைந்து அளவு பார்க்கவும், எதிரே அமர்ந்த மனிதனின் தோள் எலும்பு எங்கே திரும்புகிறது என்று கண்டுகொள்ளவும் பழகுகிற ஆண்டு அது. தான் ஓவியனா, சிற்பியா, துணியில் வடிவம் நெய்பவனா, சுடுமண்ணில் கலம் வனைபவனா, அச்சுக்கலைஞனா என்று மாணவன் தன்னையே தேடும் ஆண்டு. அச்செடுக்கக் கற்பதும் வார்க்கக் கற்பதும் அதற்குப் பின். தனக்கென ஒரு பார்வை முளைப்பதோ இன்னும் பின். பொறியியலில் ஓராண்டு படித்தவனைப் பாலம் கட்ட அனுப்புவாரா? மருத்துவத்தில் ஓராண்டு படித்தவன் கையில் கத்தியைக் கொடுப்பாரா? மாட்டார். ஓவியன் என்றால் மட்டும் ஓராண்டுச் சான்றிதழோடு விடைகொடுக்கலாமாம்!

"ஏழை மாணவன் இடையில் நிற்க நேர்ந்தால், வெறுங்கையோடு போகாமல் ஒரு சான்றிதழாவது கிடைக்கிறதே" என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. நானும் கல்லூரிப் படியை நடுவழியில் விட்டு இறங்கியவன்தான், தோழனே. வெளியே போகும் கதவு எனக்கு அன்றும் திறந்தேதான் இருந்தது. திறக்காமல் இருந்தது உள்ளே நிற்பதற்கான கட்டண அறையின் சன்னல்! போகிறவனுக்குக் காகிதம் தருவதா கருணை? போகாதிருக்க விடுதியும் உதவித்தொகையும் தூரிகையும் வண்ணமும் தருவதன்றோ கருணை! திரும்பி வரலாம் என்கிறார்களே, ஓராண்டில் இறங்கி, விளம்பரக் கடையில் நாட்கூலிக்குச் சேர்ந்து, தங்கையின் திருமணக் கடனைத் தோளில் ஏற்றிக்கொண்டவன் எந்தக் காலத்தில் திரும்பி வருவான்? வசதி படைத்தவன் முதல் வாசலை ஏறிட்டும் பாரான். அந்த வாசலின் படிக்கட்டு யார் காலுக்கென்று அளந்து கட்டப்பட்டது என்பது விளங்கவில்லையா?

இந்தப் படிக்கட்டை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 1953-இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையாக அதை எதிர்த்து நின்றோம். பெரியார் நாடெங்கும் கனல் மூட்டினார். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2023-இல் அதே குரல் விசுவகர்மாத் திட்டம் என்ற பெயரில் வந்தது. 18 தொழில்கள்; குயவரும் சிற்பியும் அந்தப் பட்டியலில் உண்டு. குருசீட மரபையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவதே நோக்கமென்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஒரு வாய், "குயவன் மகனே, சக்கரத்தை விடாதே" என்கிறது. அதே வாய், கல்லூரிக்கு வந்த குயவன் மகனிடம், "ஓராண்டு போதும், புறப்படு" என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படி!

புள்ளிக் கணக்கிலும் ஒரு சூது இருக்கிறது. வகுப்பில் அமர்ந்து 15 மணி நேரம் விரிவுரை கேட்டால் ஒரு புள்ளி. பட்டறையில் நின்று செய்முறை பழகினால், அதே ஒரு புள்ளிக்கு 30 மணி நேரம்! காது கேட்டால் ஒன்று, கை செய்தால் அரை! இந்த ஏற்றத்தாழ்வு நேற்று முளைத்ததன்று. மூளைக்கு மேல்தட்டும் கைக்குக் கீழ்த்தட்டும் வகுத்த பழைய புத்தி புதிய பட்டியலிலும் குந்திக்கொண்டிருக்கிறது. வேதியியல் மாணவனுக்கு ஆய்வகம் துணை; ஆகவே பாதகமில்லை. சிற்ப மாணவனுக்குப் பட்டறையே பாடம். அவன் படிப்பின் பெரும்பகுதியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? நுண்கலைக்குப் பாடத்திட்டம் வகுப்போர் முதலில் கிழித்தெறிய வேண்டிய கணக்கு இது.

2023-இல் மற்றொரு வழிகாட்டுதல்: மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு 5 பங்கு இந்திய அறிவு மரபுக்கென்று. 160-இல் 8 புள்ளி. நல்லது, வரவேற்போம்! ஆனால் எந்த மரபு? சித்தன்னவாசலின் தாமரைக் குளம் சமணர் தந்தது, சேருமா? 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலே சோழர் கால ஓவியம் ஒளிந்திருப்பதைக் கண்டாரே, அந்தச் சுண்ணச் சாந்தை அரைக்கும் வித்தை சேருமா? சேருமெனில் 8 புள்ளி போதாது. ஒரு முழுப் பருவம் வேண்டும். வடமொழிச் சுலோகத்தை மனப்பாடம் செய்வித்து அதற்கு மரபு என்று பெயர் சூட்டுவதெனில், 8 புள்ளியும் மிகை!

தேர்வையும் சொல்லியாக வேண்டும். கலைக் கல்லூரியில் மாணவனின் படைப்புதான் விடைத்தாள். 2007 மே திங்களில் பரோடாவின் நுண்கலைப் புலத்தில், தேர்வுக்கென மாணவர் ஒருவர் வைத்த படைப்புகள் மதத்தைப் புண்படுத்துகின்றன என்று வெளியார் சிலர் உள்ளே நுழைந்தனர். மாணவர் கைது செய்யப்பட்டார். எதிர்ப்புத் தெரிவிக்க மாணவர்கள் வைத்த கண்காட்சியை மூட மறுத்த பொறுப்புப் புலத் தலைவர் சிவாஜி பணிக்கர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். விடைத்தாளைத் திருத்த போலீசு வந்த கதை இது! நாட்டுக்கே வழிகாட்டிய கலைப் புலத்துக்கே அக்கதியெனில், பாடத்திட்டத்தில் தேர்வாளர் அதிகாரத்தை வேலியிட்டுக் காக்கும் விதி ஒன்று வேண்டாமா?

டில்லியை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2012-இல் நம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களைப் பகுதி நேரப் பணியில் அமர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். ஆட்சி மாறியும் அவர்கள் நின்றார்கள். அரைச் சம்பள ஆசிரியரிடம் அரைகுறையாய்ப் பென்சில் பிடிக்கக் கற்ற பிள்ளைதான் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு வருகிறது. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசவில்லை. கேட்க நம்மவர் சிலருக்குக் காது கூசலாம்.

சென்னையிலும் குடந்தையிலும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு இனிப் பாடத்திட்டம் வகுக்கும்போது, அந்த மேசையைச் சுற்றி முனைவர்கள் மட்டும் அமர்வது போதாது. சுவாமிமலையில் உலை ஊதுகிறவருக்கு ஒரு நாற்காலி போடு. சாரத்தில் நின்று பதாகை தீட்டி, மின்னச்சு வந்ததும் வேலையிழந்தாரே, அவருக்கும் ஒன்று போடு. அவர் கண் ஒரு முகத்தை நாற்பதடிக்குப் பெருக்கும் கணக்கை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. நான்காண்டும் பிளவுபடாத ஒரே படிப்பாக நிற்கட்டும். கலை வரலாறு தமிழில், தமிழ்நாட்டுச் சுவர்களிலிருந்து தொடங்கி, உலகம் வரை செல்லட்டும். வண்ணமும் மண்ணும் உலோகமும் கல்லூரியின் செலவாகட்டும்.

உன் தெருவிலே, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஓயாமல் படம் போட்டு அடிவாங்கும் பெண்ணொருத்தி இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் அவள் வீட்டுக்குப் போ. அப்பனிடம் பேசு, "படம் போட்டால் சோறு வருமா?" என்பார். அடுக்களையில் இருக்கும் அலுமினியப் பானையைக் காட்டு. விண்ணப்பத்தை நீயே வாங்கிக் கொடு. நுழைவுத் தேர்வில் வரையச் சொல்வார்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளச் சொல்.