கார் நிறுத்த வரி கேட்ட நகரம்

இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்று ஒரு நகரம். ராபின் ஹூட் கதை நடந்ததாகச் சொல்லப்படும் அதே ஊர்தான். 2028க்குள் நகரத்தையே கார்பன் சமநிலைக்குக் கொண்டுவருவோம் என்று அந்த ஊர் கவுன்சில் அறிவித்தது. பிரிட்டன் அரசு 2019இல் சட்டம் போட்டு வைத்துக்கொண்ட கெடுவோ 2050! பெரியவரே மெதுவாக நடக்கும்போது சின்னவருக்கு என்ன இத்தனை அவசரம் என்று கேட்கத் தோன்றும்.

அறிவிப்பது சுலபம். 2018 நவம்பரில் பிரிஸ்டல் கவுன்சில் 'காலநிலை அவசரநிலை' பிரகடனம் செய்த பிறகு, முந்நூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் வரிசையாக அதையே செய்தன. தீர்மானம் போடக் காசு செலவில்லை பாருங்கள்.

விஷயம் எங்கே இடிக்கிறது என்றால், ஒரு கவுன்சிலின் சொந்தக் கட்டடங்கள், வண்டிகள், தெருவிளக்குகள் எல்லாம் சேர்ந்து வெளியிடுவது அந்தப் பகுதியின் மொத்தப் புகையில் 2 முதல் 5 சதவீதம்தான். பிரிட்டனின் காலநிலை மாற்றக் குழு 2020இல் சொன்ன கணக்கு இது. ஆபீசில் எல்.இ.டி. பல்பு மாட்டி, மேயருக்கு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்தாலும் ஊர்ப்புகை குறைந்த மாதிரியே தெரியாது. ஆனால் அதே குழு இன்னொன்றும் சொன்னது: போக்குவரத்து, வீடு, குப்பை என்று பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியீட்டில் கவுன்சிலின் கை இருக்கிறது. அங்கே கை வைத்தால்தான் பலன். அங்கே கை வைத்தால்தான் திட்டும் விழும்!

நாட்டிங்காம் அந்தத் திட்டை 2012லேயே வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த வருடம் ஏப்ரலில் 'பணியிட நிறுத்த வரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் கார் நிறுத்த 11 அல்லது அதற்கு மேல் இடம் வைத்திருக்கும் நிறுவனம், ஒவ்வொரு இடத்துக்கும் வருடம் 288 பவுண்டு கட்டவேண்டும். இப்போது அது 500ஐத் தாண்டிவிட்டது. வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் பவுண்டு வருகிறது. அந்தப் பணம் டிராம் பாதைக்குப் போனது. 2004இல் ஒரே தடத்தோடு தொடங்கிய டிராம், 2015இல் கிளிஃப்டன் பக்கமும் டோட்டன் பக்கமும் நீண்டது. காரில் வருவதற்குக் கட்டணம் வாங்கி, கார் இல்லாமல் வர வழி செய்து கொடுப்பது. இதைவிட நேர்மையான ஏற்பாடு என்ன இருக்க முடியும்?

இதில் அநியாயம் இல்லாமலும் இல்லை. வரி நிறுவனத்துக்கு என்றாலும், பல நிறுவனங்கள் அதை அப்படியே ஊழியர் தலையில் கட்டிவிட்டன. அவசர சேவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளின் இடங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் விடியற்காலை ஷிப்டுக்கு டிராம் தடமே இல்லாத பேட்டையிலிருந்து வரும் தொழிலாளிக்கு? மேனேஜருக்கும் அவருக்கும் ஒரே 500 பவுண்டு என்பது சமத்துவம் ஆகாது. வரியை எடுத்துவிடுவது இதற்குத் தீர்வல்ல. டிராம் போகாத இடத்துக்கு பஸ் விடுவதுதான் தீர்வு.

இன்னொரு பக்கம், இதே கவுன்சில் 2015இல் 'ராபின் ஹூட் எனர்ஜி' என்று சொந்த மின்-எரிவாயு கம்பெனி ஆரம்பித்தது. லாபம் வேண்டாம், ஏழைகளுக்கு மலிவாகக் கொடுப்போம் என்பது நல்ல எண்ணம்தான். எரிசக்திச் சந்தையோ எண்ணத்தைப் பார்ப்பதில்லை. 2020இல் வாடிக்கையாளர்களை பிரிட்டிஷ் கேஸுக்குக் கைமாற்றிவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். சுமார் 3.8 கோடி பவுண்டு போச்சு. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவன் பெயரை வைத்துக்கொண்டு, ஊரார் பணத்தைத் தொலைத்தார்கள்! 2023 நவம்பரில் வரவு செலவைச் சமன்செய்ய முடியவில்லை என்று கவுன்சில் கைவிரித்தது. அதற்கு இந்தக் கம்பெனி மட்டும் காரணமல்ல, முதியோர், குழந்தைகள் பராமரிப்புச் செலவு, வீடற்றோருக்கான செலவு என்று பல சேர்ந்துகொண்டன.

புகைக்கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நகருக்குத் தென்மேற்கே சில மைல் தள்ளி இருந்த ராட்கிளிஃப்-ஆன்-சோர், பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம். 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. நிலக்கரி போய்க் காற்றாலை வர வர, அதே பல்பை எரிக்கும் ஊரின் கார்பன் கணக்கும் தானாகக் குறையும். அந்தக் குறைவையும் கவுன்சில்கள் தங்கள் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது வேடிக்கை. டிராமில் ஏறியவர்களின் கணக்கு அப்படியல்ல. அது கவுன்சில் செய்ததால் மட்டுமே நடந்தது.

பக்கத்து ஊரான லெஸ்டரும் இதே வரியைக் கொண்டுவரப் பார்த்தது. விலைவாசி ஏறிய நேரத்தில் மக்கள் தாங்கமாட்டார்கள் என்று 2022இல் கைவிட்டது. நாட்டிங்காமிலோ கஜானா காலியான வருடத்திலும் வரி வந்துகொண்டுதான் இருந்தது. சட்டப்படி அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். மற்ற ஓட்டைகளை அடைக்க அதைத் தொட முடியாது.