யார் வீட்டுப் பிள்ளைகள்?

பட்டு கவுன், லேஸ் காலர், ஆப்பிள் கன்னம். பிரெஞ்சுப் பிரபு வீட்டுக் குழந்தைகளின் பழைய ஓவியங்களைப் பிரின்ட் எடுத்து, தங்க ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுகிறார்கள். கேட்டால், 'ராயல் லுக்' என்கிறார்கள்.

ராயல்தான், யார் இல்லையென்றது? ஆனால், ஆணி அடிக்குமுன் படத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் 1787-ல் முடித்த படம் ஒன்று. ராணி மரி அந்துவானெத், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் சாய்ந்தபடி மகள். மூத்த பையன் ஒரு தொட்டிலைக் காட்டுகிறான். தொட்டில் காலி! அதில் இருக்க வேண்டிய சோஃபி, முதல் பிறந்த நாளைக்கூடப் பார்க்காமல் அந்த வருட ஜூனில் இறந்துபோனாள்.

ஏதோ குடும்பப் பாசத்தில் வரைந்த படம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'ஊதாரி' என்று ஊரே ஏசிய ராணியைப் பாசமுள்ள தாயாகக் காட்ட, அரசாங்கமே ஆர்டர் கொடுத்த விளம்பரம் அது. ஜனங்களுக்குப் பயந்து, பாரிஸ் கண்காட்சியில் படத்தை மாட்டவே தாமதித்தார்கள். காலி ஃபிரேமைப் பார்த்தவர்கள், 'இதோ பற்றாக்குறை!' என்று கிண்டலடித்தார்களாம். கஜானா நிலைமை அப்படி. நான் பி.காம். படித்தவன். பட்ஜெட் பற்றாக்குறைக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

மூத்தவன் 1789-ல் காசநோயில் போனான். வயது ஏழு. அதன்பின் அந்தப் படத்தைப் பார்க்கச் சகிக்காமல், ராணியே கழற்றச் சொல்லிவிட்டார். மடியில் இருந்தவன் 1795-ல், பத்து வயதில், சிறையிலேயே செத்தான். பிழைத்தவள் மகள் மட்டும்தான். பெற்றவளே மாட்டி வைக்க முடியாத படத்தை, நாம் சோபா கலருக்கு மேட்ச்சாக மாட்டுகிறோம்!

இன்னொரு ரகம் இன்னும் மோசம். 1758-ல் த்ரூவே வரைந்த ஷுவாசல் குடும்பத்துப் பையன்கள், சவாய் மலைப் பிரதேசத்து ஏழைச் சிறுவர்கள் வேஷத்தில் சிரிக்கிறார்கள். நிஜமான சவாய்ப் பையன்கள் பாரிஸுக்கு வந்து, கரி படிந்த புகைபோக்கிக்குள் ஏறிப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, இவர்களுக்கு மாறுவேடப் போட்டி.

'அழகா இருக்குய்யா, மாட்டறோம். உனக்கென்ன?' என்பீர்கள். தாராளமாக மாட்டுங்கள். அந்த அழகை நான் குறை சொல்லவில்லை. ஆனால், வீட்டுக்கு வருகிறவர் 'யாரு இந்தப் பிள்ளைங்க?' என்று கேட்டால், பதில் தெரிந்திருக்கட்டும்.

தெரியாதா? உங்கள் வீட்டு வாண்டு கிரேயானில் கிறுக்கிய யானைக்கு அந்தத் தங்க ஃபிரேமைக் கொடுங்கள். 'யாரு வரைஞ்சது?' என்று யாராவது கேட்டால், அதுவே ஓடி வந்து பதில் சொல்லும்.